மாமன் மடிக்காகப் பிள்ளையாரிடம் அழுதேன்

போன தை மாதம் என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரே கவலை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள்? என் அண்ணன் என்னோடு பேசியே நான்கு வருடமாகியிருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

காரைக்குடியில் ஒற்றை அறை வாடகை வீட்டில் வளர்ந்தோம். அப்பாவுக்குக் கோபம் வந்தால் கை நிற்காது. அம்மா, தன் மேல் விழ வேண்டிய அடியை எங்கள் பக்கம் திருப்பிவிடுவாள். "பாலக் கொட்டுனது ஒங்க மகதான்" என்றாள் ஒரு நாள். உடனே அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"அவ இல்லப்பா, நான்தேன்."

கொட்டியது நான். அன்று விழுந்த அறையில் அண்ணனுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. "அழுகாத கழுத, எனக்கு வலிக்கவே இல்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அப்பாவும் அம்மாவும் அவர்தான்.

அம்மா இறந்த பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பார்க்க ஆளில்லை. சாக்கோட்டையில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். திருப்பூரிலிருந்து அண்ணன் போனில் ஒன்றுதான் கேட்டார். "நான் வாங்குன அடியெல்லாம் யாருக்காகத்தா?" அதற்குப் பிறகு என் போனை எடுக்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் திருப்பூர் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். அண்ணிதான் வாங்கிக்கொண்டார்களாம். அண்ணன் வெளியிலேயே வரவில்லை.

சதுர்த்தி வந்தால் பஸ் மாறிப் பிள்ளையார்பட்டிக்குப் போவேன். கேஸை அணைத்தேனா, மகள் எங்கேயும் விழுந்திருப்பாளா என்று வழியெல்லாம் பதறும். கற்பக விநாயகர் முன்னால் நின்றால் அழுகைதான் வரும். "அப்பாவையும் விடச் சொல்லாத சாமி, அண்ணனையும் விடச் சொல்லாத. என்னால முடியாது." வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

அந்த நாளும் வந்தது. குலதெய்வக் கோயிலில் ஆசாரி கம்மலை எடுத்து வைத்துவிட்டார். "நேரம் போகுதுத்தா. யாரையாச்சும் ஒக்காரச் சொல்லுங்க." சித்தப்பா மகன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காரப் போனான். நான் கண்ணை மூடிப் 'பிள்ளையாரப்பா' என்றேன்.

"டேய், எந்திரிடா. அது என் எடம்."

அண்ணன்! தோளில் பையோடு நின்றார். மகளை அவரிடம் கொடுத்தேன். பார்த்தே இராத மாமன் மடியில் என் மகள் உட்கார்ந்து, ஊசி பட்டதும் அவர் கையைக் கடித்துவிட்டாள். "ஒன்னய மாதிரியே ராங்கி" என்றார் என்னிடம். சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வீட்டுக்கு வாரீகளாண்ணே?"

"மாட்டேன்த்தா. அவரு மொகத்துல என்னால முழிக்க முடியாது. அத மட்டும் கேக்காத. நீ கூப்புட்டா எப்பயும் வருவேன்."

கோயிலிலேயே சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

வீட்டில் அப்பா குழறிக் குழறிக் கேட்டார். "வந்தானா?"

"வந்தாகப்பா."

"என்னயக் கேட்டானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லப்பா."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். யாருக்காக அழுதேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இப்போது ஞாயிறு தவறாமல் அண்ணன் போன் வருகிறது. அப்பா பேச்சை இருவரும் எடுப்பதில்லை. அதைப் பிள்ளையாரிடமே விட்டுவிட்டேன்.

கூடப்பிறந்தவர்களோடு பேச்சற்றுப் போய்த் தவிக்கிறவர்கள் இதைப் படித்தால், ஒரு தடவை பிள்ளையார் முன்னால் போய் நில்லுங்கள். கேட்கத் தெரியாவிட்டால் அழுதுவிட்டு வாருங்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் என் அண்ணனை எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.