எனக்கு வாய்த்த வீட்டுப் பெயர்

தெலுங்கர்களிடம் ஒருவன் யார் என்று தெரிந்துகொள்ள அவன் பெயரைக் கேட்டால் போதாது, வீட்டுப் பெயரைக் கேட்க வேண்டும். ஒரே வீட்டுப் பெயர் உள்ளவர்கள் பங்காளிகள். அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை, கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது ஒன்றுதான், என் வீட்டுப் பெயர்.

நான் தவழும் வயதிலேயே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மா அவருடைய வீட்டுப் பெயரையும் சேர்த்தே விழுங்கிவிட்டு, சில வருஷங்களில் அவளும் போய்ச் சேர்ந்தாள். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் தமிழர்கள்தான் என்னை வளர்த்தார்கள். அவர்களுக்கு நான் வடுகப் பையன். தெலுங்கர்களோ, நான் வாயைத் திறந்ததும் சிரித்துவிட்டுத் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

இந்த லட்சணத்தில், ரயில்வே ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்ததும் தெலுங்குப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கிள்ளான் பக்கம் தென்னந்தோட்டத்தில் ஒரு கங்காணிக்கு ஒரே மகள் என்றார் தரகர். அவர் முன்னதாகவே அங்கே போய்விட, நான் இரவல் கோட்டை மாட்டிக்கொண்டு தனியாக ரயிலேறினேன். கிள்ளானில் இறங்கி மாட்டுவண்டி பிடித்த பிறகுதான், வீட்டுப் பெயர் கேட்பார்களே என்று உறைத்தது.

வண்டிக்காரர் தெலுங்கர். "இந்தப் பக்கம் ரொம்ப மதிப்பான வீட்டுப் பேரு எதுண்ணே?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். யோசிக்காமல் ஒன்றைச் சொன்னார். கம்பீரமாக இருந்தது. வழி நெடுக மனப்பாடம் செய்தேன். அது யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. படித்தவன் இல்லையா?

கங்காணி வீட்டில் பெண் காப்பி கொண்டுவந்தாள். நான் தெலுங்கில் ஏதோ சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல், அதையே சரியாக, எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொல்லிக் காட்டினாள். அவ்வளவுதான், இவளைத் தவிர இன்னொருத்தி வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"வீட்டுப் பேரு என்ன பாபு?" என்றார் கங்காணி.

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். தரகர் தலையில் கைவைத்தார். கங்காணியின் முகம் வெளுத்துப்போனது. என்னையே வெறித்துப் பார்த்தவர், எழுந்து வந்து தோளைத் தட்டினார்.

"எங்க வீட்டுப் பேரும் அதுதான். அப்போ நீ நம்ம பிள்ளை. என் மகளுக்கு அண்ணன் முறை."

அந்த நிமிஷம் 'எனக்கு என் பெயர் தெரியாது' என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. கோட்டுப் போட்ட கிராணி அப்படிச் சொல்வானா? "ஆமாங்க பெரியப்பா" என்றேன். வடை பாயசத்தோடு விருந்து நடந்தது.

மறுவருஷம் அவளுக்குக் கல்யாணம். கூடப் பிறந்தவன் இல்லாததால் பொரி கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அக்கினியில் போட அவள் கையில் பொரியை அள்ளி வைத்தேன். மாப்பிள்ளை என்னை மச்சான் என்றார். நல்ல மனுஷர். அதுவும் எரிச்சலாக இருந்தது.

சாப்பாடு முடிந்து, கங்காணி வெற்றிலையோடு என்னை ஒரு தென்னை மரத்தடிக்கு ஒதுக்கிக்கொண்டு போனார்.

"பாபு, உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல. அந்தப் பேரு என்னோடது இல்ல. கப்பல்ல கூட வந்த ஒருத்தரு செத்துட்டாரு. நல்ல பேரா இருக்கேன்னு நான் வச்சுக்கிட்டேன். அன்னைக்கு நீ அதச் சொன்னதும் நிஜமாவே அந்த வீட்டு ஆளு வந்துட்டான்னு பயந்துட்டேன். அதான் சட்டுனு உறவாக்கிக்கிட்டேன்."

வாயைத் திறந்தேன். அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் விடைபெற வந்துவிட்டார்கள். "போயிட்டு வரேண்ணா" என்று அவள் என் காலைத் தொட்டாள். கங்காணி என் கையில் அட்சதையைத் திணித்தார். போட்டேன். அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. கூடப் பிறந்தவன்கூட இப்படி அழமாட்டான் என்று எல்லோரும் மெச்சினார்கள்.