எடைக்கு ஒரு புள்ளி

பிறந்த குழந்தையின் எடை என்பது, எங்கள் தொழிலில், குடும்பமே கூடி நின்று கேட்கும் தேர்வு முடிவு மாதிரி. தாய்சேய்ப் பிரிவில் வேலை பார்த்த, எல்லாரும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் தாதிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. “எத்தன கிலோ?” என்று எல்லாரும் கேட்பார்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் வளர்ச்சி வரைபடத்துக்கோ இரண்டும் வேண்டும். வாரமும் எடையும் சந்திக்கிற இடத்தில்தான் புள்ளி வைப்போம்.

பாஸ் மார்க்

பத்து பாகாட் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் நான் இருந்தபோது, சிங்கப்பூரில் கணக்காளராக இருந்த ஒரு தகப்பனார் வரைபடத்தை எட்டிப் பார்த்தார். மகளின் புள்ளி பத்து என்று போட்ட கோட்டில் இருந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. “நூத்துக்குப் பத்துதானா? பாஸ் மார்க் எவ்ளோ மிஸ்ஸி?”

“இது மார்க் இல்ல சார். நூறு பிள்ளைங்கள எடைப்படி வரிசையா வச்சா, உங்க மக சின்னவங்க பக்கம் இருக்கா, அவ்ளோதான். நீங்க ரெண்டு பேருமே சின்ன உடம்புதானே” என்றேன். டாக்டரும் பார்த்துவிட்டார், பிள்ளை நன்றாகக் குடிக்கிறாள் என்றும் சொன்னேன். அவருக்கு மனசு ஆறவில்லை. தொண்ணூறுக்குக் கொண்டுபோக எந்தப் பால்மாவு நல்லது என்று கேட்க ஆரம்பித்தார். கட்டிலில் இருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“அலமாக்! பொறந்த அன்னைக்கே பிள்ளைய டியூஷனுக்கு அனுப்பாதீங்க லா, குடிச்சிட்டுத் தூங்கட்டும்.”

கொழுகொழு

தங்காக் ஊர் ஆஸ்பத்திரியில், துணிக்கடையில் வேலை பார்த்த சரோஜாவுக்கு நாலரை கிலோவில் ஆண் குழந்தை. வார்டே வந்து வேடிக்கை பார்த்தது. நாத்தனார் ஒவ்வொருவரிடமும் தூக்கிக் காட்டினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. புள்ளி, வரைபடத்தின் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. சரோஜாவுக்குக் கர்ப்பத்தில் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. அப்படிப்பட்ட பெரிய குழந்தைகளுக்குப் பிறந்ததும் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும்.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும் என்றேன். “நல்லா இருக்கற பிள்ளைய ஏன் குத்தறீங்க?” என்று நாத்தனார் சண்டைக்கு வந்தார். நான் சரோஜாவைப் பார்த்தேன். அவர் சரி என்று தலையாட்டினார். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. குழந்தையின் கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்ததை அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். உடனே டாக்டரைக் கூப்பிட்டு, சிறப்புப் பிரிவுக்குக் கொண்டுபோய் டிரிப் ஏற்றினோம்.

தேறி வந்த பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு சரோஜா சொன்னார்: “எல்லாரும் பார்த்து சந்தோசப்பட்டாங்க மிஸ்ஸி. நீங்க ஒருத்தர் பயந்தீங்களே, அது போதும்.”

இரண்டு புள்ளிகள்

இப்போது மாசாய் ஊரில் வீடு வீடாகப் போய்த் தாயையும் சேயையும் பார்க்கிறேன். தொழிற்சாலை ஆட்கள் இருக்கும் அடுக்குமாடியில் கலைச்செல்வி என்றொரு பெண். முப்பத்து நான்கு வாரத்திலேயே பிறந்துவிட்ட மகள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆஸ்பத்திரியில் நன்றாகக் கவனித்து, பால் குடிக்கப் பழகிய பிறகுதான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் கலைச்செல்வி பெயர் வைக்கவில்லை, அக்கம்பக்கத்தாருக்குக் காட்டவுமில்லை.

“மொதப் பையனும் இதே எடைதான் மிஸ்ஸி. மாசம் முழுசா ஆகித்தான் பொறந்தான். ஒரு நாள்கூட தங்கல.”

பிள்ளையின் வரைபடத் தாளை எடுத்து, பென்சிலால் மகளுக்கு ஒரு புள்ளி வைத்தேன். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. அதே எடையில், மாசம் நிறைந்த இடத்தில், மகனுக்கு ஒன்று. அது கீழ்க்கோட்டுக்கும் கீழே, தனியாக நின்றது. “எடை ஒண்ணுதான்மா. இவ சீக்கிரம் வந்துட்டா, அந்த வாரத்துக்கு ஏத்த வளர்ச்சி இருக்கு. அவன் உள்ளயே வளர முடியாம இருந்திருக்கான்.”

“நான் நின்னுகிட்டே வேல செஞ்சதாலயா?”

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“நச்சுக்கொடி சரியா வேல செய்யலன்னாங்க.”

“அப்ப அதுதான்மா. நீங்க இல்ல.”

அவர் இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளையின் தாளில் ஒரு புள்ளிதான் இருக்க வேண்டும் என்று நான் அழிப்பானை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அழிக்காதீங்க மிஸ்ஸி. அவனும் இவளுக்கு அண்ணன்தானே.”

அந்தத் தாளை அவரிடமே விட்டுவிட்டேன். வேறு தாள் எடுத்து இன்னொரு முறை புள்ளி வைப்பதில் எனக்கொன்றும் சிரமமில்லை, மேலதிகாரி கேட்டால் பழைய தாளில் டீ கொட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.