இடது பக்கம் வீடு, வலது பக்கம் கேம்ப்

"இதுல எல்லாத்துலயும் எங்க வீட்டுக்காரரைச் சேக்கணும்மா. முடியுமா?"

ஜவுளிக்கடைப் பையை எங்கள் கடை மேஜையில் கவிழ்த்துவிட்டு முத்துலட்சுமி அக்கா முதலில் கேட்டது இதுதான். பையிலிருந்து விழுந்த போட்டோக்களைப் புரட்டிப் பார்த்தேன். மகளுக்குக் காதுகுத்து, மகனுக்கு மொட்டை, புது வீட்டில் பால்காய்ச்சு, மகளுக்குச் சடங்கு. வீட்டில் நடந்த நல்லது ஒன்று விடாமல் இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் ஒன்றிலும் இல்லை.

எங்கள் கடை ராஜபாளையத்தில் ஒரு மாடியில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பெயர் போட்ட டைரி, போட்டோ புக் எல்லாம் செய்கிறோம். டிசைன் என் பொறுப்பு. கட்டிங், லேமினேஷன், பைண்டிங் எல்லாம் என் வீட்டுக்காரர் சலீம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் டிசைன் பற்றிக் கேட்டால், சாஃப்ட்வேரை விட்டுவிட்டு அக்காவின் இந்த ஆர்டரைத்தான் சொல்வேன்.

அக்காவுக்கு வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி. வீட்டுக்காரர் குருசாமி ராணுவத்தில் ஹவில்தார். அடுத்த மாதம் ரிட்டயர் ஆகி ஊருக்கு வருகிறார். வந்ததும் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு விருந்து. அன்று அவர் கையில் கொடுக்க ஒரு போட்டோ புக் வேண்டும்.

"லீவுல வந்தப்ப எடுத்த படம் இருக்குமே அக்கா?"

"அது இருக்கு. ஆனா விசேசத்தன்னைக்கு ஒரு தடவகூட அவிய இங்க இருந்ததில்ல. லீவு கிடைக்காது. நாளைக்குப் பேரம்பேத்தி பாத்தா, தாத்தா எங்கன்னு கேக்கும்ல?"

கூட வந்திருந்த மகள் கவிதா, காலேஜில் படிக்கிற பெண், என் பக்கம் குனிந்து சொன்னாள்: "சொந்தத்துல சில பேரு, 'குருசாமிக்கு வீட்டு நெனப்பே கெடையாது'ன்னு அம்மாட்ட சொல்லிக்கிட்டே இருப்பாகக்கா. அம்மாவுக்கும் அந்த வருத்தம் உண்டு."

"ஏட்டி, சும்மா இரு" என்று அக்கா அதட்டினார். ஆனால் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லவில்லை.

காதுகுத்துக்கு வந்த போலீஸ்

காதுகுத்துப் படத்தை முதலில் எடுத்தேன். குருசாமி அண்ணன் யூனிஃபார்மில் நின்று எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அதிலிருந்து அவரை வெட்டி எடுத்து, ஓரம் தெரியாமல் மாஸ்க் போட்டு மறைத்து, கலரை இந்தப் படத்தோடு சேர்த்து, காலடியில் நிழல்கூட வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. தாயையும் மகளையும் வரச்சொல்லி மானிட்டரில் காட்டினேன்.

அக்கா மானிட்டர் பக்கத்தில் குனிந்து பார்த்தார். கவிதாவுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா, அப்பா காதுகுத்துக்கு பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் மாதிரி இருக்காக!"

கட்டிங் மெஷின் பக்கத்தில் நின்ற சலீம் வெடித்துச் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வேலை நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா பொய்யில்ல இது? அவிய கையில இதக் கொடுத்தா, 'வராதவன வந்ததா ஒட்டி வச்சுக் குத்திக் காட்டுதியா'ம்பாக. வேண்டாம்."

எனக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. விருந்து நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"சரிக்கா, இந்தக் காதுகுத்து அன்னைக்கு அண்ணன் எங்க இருந்தாக? என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாக?"

"யாரு கண்டா? வடக்க எங்கயோ."

"சந்திரன் மாமாட்ட கேட்டாத் தெரியும்" என்றாள் கவிதா. குருசாமி அண்ணனோடு பல வருஷம் ஒரே யூனிட்டில் இருந்தவர் சந்திரன். முன்பே ரிட்டயர் ஆகித் தென்காசிப் பக்கம் சொந்த ஊரில் இருந்தார். எங்கள் கடையில் நின்றபடியே கவிதா அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

ஸ்பீக்கரில் வந்த அல்வா

"மாமா, எனக்குச் சடங்கு நடந்த அன்னைக்கு அப்பா எங்க இருந்தாக, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா தாயி? அன்னைக்குத்தான உங்கப்பன் கேம்ப்புல அல்வா கிண்டுனான்!"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சமையக்கட்டுல இருந்த நெய்யி பூரா காலி. பஞ்சாப்காரன், அஸ்ஸாம்காரன்னு எல்லாத்தையும் வரிசையா உக்கார வச்சு, 'என் மகளுக்கு விசேசம்'னு பரிமாறுனான். அடிப்பிடிச்ச அல்வா. வாய்க்குள்ள போட்டா வாயைத் தொறக்க முடியல."

அக்கா போனைக் கையில் வாங்கினார். "அண்ணே, நெசமாவா சொல்லுதீக?"

"நெசந்தாம்மா. போட்டோவே இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில்ல உம் மகனுக்கு மொட்டை போட்டீகள்ல? அன்னைக்கு இவனும் கேம்ப்புல மொட்டை போட்டுக்கிட்டான். குளிருன்னா அம்புட்டுக் குளிரு. தும்மித் தும்மியே எங்களைத் தூங்க விடல."

"காதுகுத்துக்கு?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"கேம்ப்புல ஒரு நாய்க்குட்டி கெடந்துச்சு. அதைத் தாய்மாமன் மாதிரி மடியில வச்சுக்கிட்டு எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான். பால்காய்ச்சு அன்னைக்கு ஸ்டவ்வுல பாலைப் பொங்க விட்டு, ஆபீசர்ட்ட ஏச்சு வாங்குனான். அதுக்கு மட்டும் போட்டோ இல்ல."

"இதுல ஒண்ணக்கூட எங்கட்ட சொன்னதில்லையே அண்ணே!"

"வெக்கம்மா. 'வீட்டுல சொல்லிராதல, சிரிப்பாக'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தான். இப்ப நான் ரிட்டயர் ஆயிட்டேன். சத்தியமும் ரிட்டயர்."

அக்கா அங்கே கிடந்த பேப்பர் பண்டல் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "கிறுக்கு மனுசன்... கிறுக்கு மனுசன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த நிமிஷமே புக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இடது பக்கம் வீட்டு விசேஷம். வலது பக்கம் அதே நாளில் அவர் இருந்த கேம்ப். வெட்டி ஒட்டும் வேலையே கிடையாது.

சட்டையோடு வந்த சந்திரன்

சந்திரன் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படங்கள் பிரிண்டுக்கு ஆகாது. அனுப்பும்போதே தரம் குறைந்துவிடும். "டாக்குமென்ட்டா அனுப்புங்க மாமா" என்று கவிதா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவருக்குப் பிடிபடவில்லை. "எதுக்கு வம்பு, நானே வாரேன்" என்று மறுநாளே பஸ் ஏறிவிட்டார். பழைய பிரிண்ட்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்தார். செல்போனில் எடுத்தவற்றை ஒயர் போட்டு இறக்கினேன். மற்றதை ஸ்கேன் செய்தேன். மொட்டைத் தலையோடு பனியில் நின்று சல்யூட் அடிக்கும் படத்தைப் பெரிதாக்கியபோது எனக்குக் கை ஓடவில்லை. அப்படிச் சிரிப்பு.

பால்காய்ச்சுக்கு வலது பக்கம் படம் இல்லை. வேறு படத்தை வைத்து அதை நிரப்ப எனக்கு மனம் வரவில்லை. வெள்ளையாகவே விட்டு, நடுவில் சின்ன எழுத்தில் சந்திரன் சொன்னதைப் போட்டேன்: "அன்னைக்கு இங்கயும் பால் பொங்குச்சு. ஏச்சும் கிடைச்சுது."

சரிபார்க்க அடித்த முதல் புரூஃபைப் பார்த்ததும் அக்கா உதட்டைப் பிதுக்கினார். "இது அவிய சட்டைக் கலரே இல்ல. காஞ்ச கருவேப்பில மாதிரி இருக்கு." உண்மைதான். மானிட்டரில் ஒன்று தெரியும், பேப்பரில் வேறு விழும். இரண்டாம் தடவை வந்தபோது சந்திரன் தன் பழைய யூனிஃபார்ம் சட்டையையே கொண்டுவந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சட்டையையும் பிரிண்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலரைத் திருத்திக்கொண்டே போனோம். அந்தப் பச்சை வந்தபோது சந்திரன், "அட்டென்ஷன்!" என்று கத்தினார். சலீம் நிஜமாகவே விறைத்து நின்றார்.

பைண்டிங்கில் சலீம் ஒரே பிடிவாதமாக இருந்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணாத் தெரியணும் ஜுனைதா. நடுவுல மடிப்பு முழுங்கிரக் கூடாது." அதனால் லே-ஃபிளாட். விரித்து வைத்தால் பலகை மாதிரி கிடக்கும்.

விருந்து

எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறிப் போனோம்.

குருசாமி அண்ணன் ஓங்குதாங்கான ஆள், பெரிய மீசை. சாப்பாட்டுக்கு முன்னால் கவிதா புக்கைக் கையில் கொடுத்தாள். திறந்தார். இடது பக்கம் மகளின் காதுகுத்தைப் பார்த்து முகம் கொஞ்சம் வாடியது. பிறகு கண் வலது பக்கம் போனது. மடியில் நாய்க்குட்டியோடு அவரே உட்கார்ந்திருந்தார்.

படக்கென்று புக்கை மூடிவிட்டார். பிடிக்கவில்லையோ என்று சலீமைப் பார்த்தேன்.

"ஏலே சந்திரா! எங்கல இருக்க?"

சந்திரன் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் பதுங்கினார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அண்ணனும் சிரித்துக்கொண்டே மறுபடி திறந்தார். இந்த முறை அவசரப்படவில்லை. சடங்குப் பக்கம் வந்ததும் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். "கருப்பட்டிதான் அடிப்பிடிச்சுது தாயி. எங் கைல தப்பில்ல" என்று அவளிடம் சொன்னார்.

பிறகு அக்கா செய்ததுதான் எனக்கு மறக்காது. புக்கை வாங்கிக்கொண்டு பந்தி பந்தியாகப் போனார். வாயைத் திறந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மொட்டைப் படத்தை மட்டும் விரித்துக் காட்டினார். சில பேர் முன்னால் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நின்றார். வீட்டு நினைப்பே கிடையாது என்று சொன்னவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் குனிந்து இலையைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தார்.

கார்டு

அன்றிலிருந்து எந்த ஆர்டர் வந்தாலும் மவுஸைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்கிறேன். இந்தப் படத்தில் வராதவர் யார், அவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? பாதி டிசைன் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்.

விருந்துக்கு அடுத்த வாரம் அக்காவும் அண்ணனும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். அண்ணன் இனி ஊரில் இருக்கிற தங்கள் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளப் போகிறாராம். தேங்காய் வியாபாரிகளிடம் கொடுக்க விசிட்டிங் கார்டு வேண்டும்.

"பேருக்குக் கீழ என்ன போடட்டும் அண்ணே? முன்னாள் ராணுவ வீரர்னு போடவா?"

அவர் மீசையைத் தடவி யோசித்துக்கொண்டிருந்தார். அக்கா முந்திக்கொண்டார்.

"'இனிமே வீட்டுலதான் இருப்பாரு'ன்னு போடும்மா."

"அதையே போடுங்கம்மா" என்றார் அண்ணன்.

அப்படியே அடித்துக் கொடுத்தோம். வத்திராயிருப்பு வியாபாரிகள் அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு, போன் பண்ணாமல் நேராக வீட்டுக்கே வந்துவிடுகிறார்களாம்.