இரும்புக்கு வைத்த பொட்டு

பிள்ளைகளா, போன வாரம் வாங்கி வந்த புது மவுஸைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் அலுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் அதன் வயரைப் பிடுங்கி, செருகுகிற முனையைக் கைப்பேசி வெளிச்சத்தில் பிடித்து, பல் டாக்டர் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தேன். "அப்பா, அங்க என்னப்பா பாக்குறீங்க, பல்லு சொத்தையா?" என்று சின்னவன் கேட்டான். பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விட்டேன். ஏன் அங்கே பார்த்தேன் என்பதை அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். மூன்றாம் பாரத்தோடு பள்ளிப் படிப்பை விட்டவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாம் கரங்கான் ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் தோட்டத்தில் இருந்தோம். பெரியவள் பள்ளியில் முதலாம் ஆண்டு, சின்னவன் இன்னும் பள்ளிக்கே போகவில்லை. நான் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆள் உயரக் கழியின் நுனியில் வளைந்த அரிவாள் இருக்கும். அதைத் தலைக்கு மேலே தூக்கி, மட்டையை இழுத்து, குலையை அறுக்க வேண்டும். பதினெட்டு வருஷம் அப்படித் தூக்கிய வலது தோள் ஒரு நாள் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் கழியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலை போனால் வீட்டையும் விட வேண்டும். உங்கள் அம்மா அந்த வாரமே பரண் மேலே இருந்த பழைய அட்டைப் பெட்டிகளை இறக்கி, தூசு தட்டி அடுக்கி வைத்திருந்தாள். வீட்டைக் காலி செய்யத்தான் என்று எனக்குத் தெரிந்தது.

மேனேஜர் மலாய்க்காரர், நல்ல மனிதர். லோரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. அங்கே உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். ஒரு மாதம் உட்கார்ந்து பார், கம்ப்யூட்டர் பழகிக்கொண்டால் அந்த இடம் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளை எடுப்பேன் என்றார். ஆபீசில் வேலை செய்த பெண்ணிடம் எனக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கைக்குழந்தையைத் தாயார் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன்.

வேலை பார்ப்பதற்குச் சுலபம்தான். லோரி மேடையில் ஏறினால் எடை தானாகக் கம்ப்யூட்டரில் வரும். தோட்டத்தின் எந்தக் காட்டில் வெட்டிய பழம், எந்த லோரி என்று பட்டியலில் தேடி மவுஸால் அமுக்க வேண்டும். பிறகு சீட்டு அடிக்க ஒரு தடவை அமுக்க வேண்டும். அந்த அமுக்குவதுதான் எனக்கு வரவில்லை. திரையில் அம்பு ஒரு பக்கம் ஓடும், என் கை ஒரு பக்கம் போகும். "மெல்லண்ணே, மெல்ல. அது என்ன குலையா, ஓங்கி ஒரு இழு இழுத்தா விழுறதுக்கு?" என்பாள் தங்கச்சி. மூன்றாவது வாரத்தில்தான் கொஞ்சம் பிடிபட்டது. அந்த வியாழக்கிழமை சாயங்காலம், நான் அமுக்கிய அமுக்கில் பழைய மவுஸின் பொத்தான் உள்ளே இறங்கியது, மேலே வரவில்லை.

புதிதுக்கு எழுதிக் கொடுத்தால் வர ஒரு வாரம் ஆகும் என்றாள் தங்கச்சி. ஒரு வாரம் சும்மா உட்கார்ந்தால் மேனேஜர் என்ன நினைப்பார்? மறுநாள் வெள்ளி, அந்தப் பக்கம் வார லீவு. நானே கூலிம் டவுனுக்குப் பஸ் ஏறிப் போய் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் சீனர், தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகிக் கொஞ்சம் தமிழ் பேசுவார். கம்ப்யூட்டரில் செருகிக் காட்டினார். மவுஸின் அடிவயிற்றில் சிவப்பு விளக்கு எரிந்தது. "பாத்தியா அண்ணே, லைட் இருக்கு. ஓகே லா" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உங்கள் அம்மா, "புதுச் சாமான், சாமிகிட்ட வெச்சிட்டு எடுத்துப் போங்க" என்றாள். கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக் கொடுத்தாள். நானும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உங்களுக்கே தெரியும், ஆயுத பூசைக்கு நம் வீட்டில் எதற்குப் பொட்டு வைப்போம்? அரிவாளுக்கு வைப்போம், மோட்டார் சைக்கிளுக்கு வைப்போம். அரிவாள் என்றால் அதன் இரும்பில், கழியில் இல்லை. என் அப்பா அப்படித்தான் வைப்பார், நானும் அப்படித்தான் வைத்தேன். இந்த மவுஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், முழுக்கப் பிளாஸ்டிக். வயரின் கடைசியில், செருகுகிற இடத்தில் மட்டும் ஒரு விரல் நுனி அளவுக்கு இரும்பு இருந்தது. அங்கே சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

"அங்கயா வெக்கிறீங்க?" என்றாள் உங்கள் அம்மா.

"இதுல இதுதானே இரும்பு" என்றேன். அவள் கற்பூரம் காட்டினாள்.

காலையில் எடுத்துப் பார்த்தபோது ஆபீசுக்கு இப்படிக் கொண்டு போனால் சிரிப்பார்களே என்று தோன்றியது. கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தேன். வெளியே பளபளவென்று ஆகிவிட்டது. உள்ளே போனது எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை நான் போகும்போதே மேடைக்கு முன்னால் மூன்று லோரி நின்றிருந்தது. மவுஸைச் செருகினேன். அம்பு அசையவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. பிடுங்கித் திருப்பிச் செருகினேன், அப்போதும் இல்லை. தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவள் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது எழுந்து வருவதற்குள் நான்காவது லோரியும் வந்துவிட்டது. பிறகு மேசைக்கு அடியில் புகுந்து பின்பக்க ஓட்டையில் செருகினாள். அதிலும் இல்லை. கடைசியில் தன் மேசைக்கு எடுத்துப் போய் அங்கே இருந்த கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு அண்ணே. மவுஸ்தான் செத்துப் போச்சு" என்றாள். அவளுடைய மவுஸைக் கழற்றித் தரலாம் என்றால் அது பழைய மாதிரி, வட்ட முனை, எங்கள் கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லை.

ஜன்னல் பக்கம் ஒரு டிரைவர் வந்து தலையை நீட்டினான். "என்னா கிராணியாரே, இன்னிக்கு தீம்பாங் உண்டா, இல்ல பழத்த இங்கயே கொட்டி எண்ண எடுத்துருவமா?" என்றான். எடை போடுவதைத்தான் அவர்கள் தீம்பாங் என்பார்கள். வழக்கமாக என்னை அண்ணே என்பவன், அன்றைக்கு ஆபீஸ் குமாஸ்தாவைக் கூப்பிடுகிற மாதிரி கிராணியார் என்றான். பின்னால் இருந்த இன்னொருவன், "விடுடா, கையில கழி இல்லல்ல, அண்ணனுக்கு வேல ஓடாது" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னோடு காட்டில் சாப்பாடு பிரித்துச் சாப்பிட்டவர்கள்தான். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்குச் சுட்டது.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார். வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போலே கா, தா போலே?" என்றார். முடியுமா, முடியாதா என்று ஒரே கேள்வி. அவர் மவுஸைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி எனக்காகச் சண்டைக்குக் கிளம்பிவிட்டாள். பெட்டியில் இருந்த கடை நம்பரைப் பார்த்துப் போன் போட்டாள். தோட்டத்து ஆள்தானே என்று கெட்ட சாமானைத் தலையில் கட்டி அனுப்பினீர்களா, பார்க்காமலா கொடுத்தீர்கள் என்று மலாயில் பிடிபிடி என்று பிடித்தாள். அந்தப் பக்கம் கடைக்காரர் ஏதோ சொல்வது மெல்லக் கேட்டது. மேனேஜரும் தலையை ஆட்டினார். கடைக்காரன் தப்பு என்றால் நான் தப்பித்தேன். இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றால் போதும், யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

ஆனால் கடையில் விளக்கு எரிந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். அதற்கும் இந்தக் காலைக்கும் நடுவில் அந்தச் சாமான் என் வீட்டைத் தவிர வேறெங்கும் போகவில்லை. அதன் வாயில் கை வைத்தவன் நான் ஒருவன்தான்.

"தங்கச்சி, அவர ஏசாதம்மா" என்றேன். "கடையில எரிஞ்சிச்சு. நான்தான் நேத்து சாமிகிட்ட வெச்சு, அந்த இரும்புல சந்தனம் வெச்சேன். அதுவா இருக்குமோ என்னமோ."

அவள் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. இவர் என்ன சொல்கிறார் என்று அவளிடம் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னால் என் கதி என்ன ஆகும்? மவுஸுக்குச் சந்தனம் பூசினவனை எவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பான்?

அவள் மலாயில் சொன்னாள்: "செருகுற முனையில அழுக்கு இருக்கலாம்னு சொல்றாரு சார். துடைச்சுப் பாக்கலாம்னு சொல்றாரு." பொய் ஒன்றும் இல்லை. பிறகு போனில் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு வைத்தாள்.

மவுஸைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே இருக்கும் சின்னச் சின்னத் தகடுகளின் மேல் சந்தனம் மஞ்சளாகக் காய்ந்து சிமெண்டு பூசினது போல இருந்தது. சால்வையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, தகடு கீறாமல் மெல்ல மெல்லச் சுரண்டினாள். முதலுதவிப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தாள். ஊதி ஊதிக் காய வைத்தாள். பஞ்சு மஞ்சளாகவும் கொஞ்சம் சிவப்பாகவும் வந்ததை மேனேஜர் பார்க்காதபடி உள்ளங்கையில் மடக்கிக்கொண்டாள்.

"நீங்களே செருகுங்க அண்ணே" என்று என் கையில் கொடுத்தாள்.

செருகினேன். கம்ப்யூட்டர் ணங் என்று ஒரு சத்தம் கொடுத்தது. கவிழ்த்தேன். சிவப்பு விளக்கு.

முதல் லோரியை மேடையில் ஏறச் சொன்னேன். அம்பு நான் சொன்ன இடத்துக்குப் போனது. சீட்டை நீட்டியபோது அந்த டிரைவர், "வரேன் அண்ணே" என்றான். நான்கு லோரி போகும்வரை மேனேஜர் கதவோரம் நின்று பார்த்தார். பிறகு, முனையில் அழுக்கு என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அனுபவம் என்று சொன்னேன். தங்கச்சி இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் போனதும் சொன்னாள்: "அண்ணே, அடுத்த தடவ முதுகுல வைங்க. வாய்ல வெச்சா அது எப்படிப் பேசும்?"

மாதக் கடைசியில் அந்த இடம் எனக்கு நிலையாகிவிட்டது. ஆனால் எனக்கு அந்தச் சனிக்கிழமை மத்தியானமே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். அடுக்கி வைத்திருந்த அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பரண் மேலே ஏற்றினேன், இடது கையால். பிறகு சாமி மேடையில் இருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். அடியில் கொஞ்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். சுவரில் சாய்ந்திருந்த கழியைக் கீழே படுக்கவைத்து, திருகாணியைக் கழற்றி, அரிவாளைத் தனியாக எடுத்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்தேன். இரும்பில் ஒரு பொட்டு வைத்து, சாக்குத் துணியில் சுற்றிக் கட்டி, பரணில் அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.