உட்காராத சூப்பர்வைசர்

அந்தத் தெருவில் ஆல்ட்டர் அக்கா வீடு எது என்று கேட்டால் நடை பழகும் குழந்தைகூடக் கை காட்டும். புதுத் துணி தைப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். கடையில் தொங்கியதை, ஆசைப்பட்டு வாங்கிச் சேராமல் போனதை, அண்ணனிடமிருந்து தம்பிக்கு இறங்கியதை எல்லாம் உடம்புக்குத் தக்கபடி சரிசெய்து கொடுப்பதுதான் பிழைப்பு. இடுப்பைப் பிடிப்பாள், கையைக் குறைப்பாள், வயிறு போட்டவர்களுக்கு ஊருக்குச் சொல்லாமல் பக்கவாட்டில் பிரித்து விடுவாள். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஆளுயரக் கண்ணாடி, மறைப்புக்கு ஒரு திரை, முதுகு இல்லாத ஒரு ஸ்டூல்.

அந்த ஸ்டூலுக்கு ஒரு சட்டம் உண்டு. பேன்ட் நீளம் குறைக்க வருகிறவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு ஒருதரம் உட்கார்ந்து காட்ட வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். "நிக்கும்போது எல்லாருக்கும் அழகாத்தான் இருக்கும். உட்காரும்போது முழங்கால் வரைக்கும் ஏறினா என்னைத்தானே திட்டுவீங்க? வெட்டுன துணி மறுபடி வளராது, உட்காருங்க" என்பாள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் இல்லை. மறுபேச்சுப் பேசாமல் உட்காருவார்கள்.

அவளுடைய ஒரே தம்பிக்குக் கார் விற்கும் ஷோரூமில் வேலை. பளபளக்காத எதுவும் அவனுக்கு ஆகாது. இரண்டு வருஷம் முன்பு பெரிய ஜாதி நாய்க்குட்டி ஒன்றை வாங்கினான். வாங்கிய கையோடு அதன் வாலை ஒட்ட வெட்டவும் ஏற்பாடு செய்தான். போட்டோவில் பார்த்தால் அந்த ஜாதிக்கு வால் இருப்பதில்லையாம். வால் என்ன காதில் போட்ட தொங்கட்டானா, பிடிக்கவில்லை என்றால் கழற்றி வைக்க? அக்கா அப்போதே கேட்டாள். "சின்னக் குட்டிக்கா, கொசு கடிச்ச மாதிரிதான் இருக்குமாம்" என்றான். "யாருக்கு அப்படி இருக்குமாம்?" என்றாள்.

குட்டி வளர்ந்து நாயானது. சிடுமூஞ்சி நாய். முதுகில் கை வைத்தால் உறுமும். வீட்டுப் பிள்ளை தத்தித் தத்தி வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தம்பி வேலையிலிருந்து வந்தால் நிமிர்ந்து பார்க்கும், அவ்வளவுதான். ஒருநாள் காரில் ஏற்றுவதற்காகப் பின்பக்கம் கை கொடுத்துத் தூக்கப் போனான். வெடுக்கென்று திரும்பி முழங்கையைக் கவ்விவிட்டது. கிழிந்த கைக்குத் தையல், அதற்கு மேல் ஊசி மேல் ஊசி. "ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நானும் பிள்ளையும் இருக்கோம்" என்று அவன் மனைவி சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, பெற்றவள் பயப்படத்தான் செய்வாள். நாயை வழக்கமாகக் காட்டும் மருத்துவமனையில், குணமே இப்படி, இனி மாற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஒரே ஊசியில் தூங்க வைத்துவிடலாமாம். எழுந்திருக்காத தூக்கம்.

அதற்கு நாளும் குறித்துவிட்டுத்தான் நாயை அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

"வெளியூர்ல வேலை இருக்குக்கா. வந்ததும் கூட்டிட்டுப் போய் முடிச்சிடறேன். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்." முடிச்சிடறேன் என்று சொன்னபோது அவன் நாயையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை.

அக்காவின் புருஷன் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஆயுசு முழுக்க எதிரே வந்த லாரிக்கெல்லாம் அசராதவர், நாய் என்றால் மட்டும் தொடை நடுங்கி. உள் கதவுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டி, "கடிக்குமா மாப்ளே?" என்றார்.

"கடிச்சதாலதான் மாமா இங்க வந்திருக்கு" என்றான் தம்பி.

காலையில் கதவைத் திறந்ததிலிருந்து அந்த நாய் கடைக்குள் சுவரோரமாக நின்றது. யார் வந்தாலும் நின்றபடியே பார்த்தது. அக்கா கத்திரிக்கோல் எடுத்தால் அதைப் பார்த்தது, மெஷின் ஓடினால் அதைப் பார்த்தது. "என்னக்கா, சூப்பர்வைசர் போட்டுட்டீங்களா? கண் கொட்டாம வேலையைக் கவனிக்கறாரே" என்று கொடுத்த சட்டையை வாங்க வந்தவர் சொன்னதில் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் சாப்பிட்டாரா, சூப்பர்வைசருக்கு லீவு கிடையாதா என்று தெருவே கேலி பேசியது. அக்காவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் ஓடவில்லை. நாள் முழுக்க மனிதர்களை உட்காரச் சொல்லிப் பார்க்கிறவள் அவள். இது ஒருதரம்கூட உட்காரவில்லை என்பது அவள் கண்ணில் பட்டுவிட்டது. உட்கார ஆசைப்படும். பாதி தூரம் இறங்கும், பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கும், நெருப்பை மிதித்ததுபோல எழுந்துவிடும். படுக்க வேண்டுமென்றால் சுவரில் சாய்ந்து பக்கவாட்டில் சரியும். படுத்ததும் திரும்பி அந்த மொட்டை வாலைக் கடிக்கும். கடித்துக் கடித்து அந்த இடம் சிவந்து ரத்தம் கசிந்தது.

"புண்ணை நக்கி நக்கிப் பெருசாக்கிக்குது. மூடிட்டா ஆறிடும்" என்று முடிவு கட்டினாள். ஊசியும் நூலும் கையில் இருப்பவளுக்கு வேறு என்ன தோன்றும்? பழைய பனியன் துணியை எடுத்தாள். கால் நுழைய இரண்டு ஓட்டை, இடுப்பில் எலாஸ்டிக், வால் நுனிக்கு மெத்தென்று பஞ்சு வைத்த ஒரு குல்லாய். தலைப் பக்கம் ரொட்டியைக் காட்டிக்கொண்டே சாமர்த்தியமாக மாட்டியும் விட்டாள். ஒரு சுருக்கம் இல்லை. "என்னா ஃபிட்டிங்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து புருஷன் மெச்சினார்.

நாய் ஒரு கணம் கல்லாய் நின்றது. அடுத்த கணம் அது போட்ட சத்தம் அந்த வீடு கேட்டிராத சத்தம். தன் பின்பக்கத்திடமிருந்து தானே தப்பி ஓடுவதுபோலச் சுற்றியது. மேஜையில் மோதியது, குண்டூசி டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் ஊசி. அக்கா கத்திரிக்கோலோடு பாய்ந்து எலாஸ்டிக்கைப் பிடித்தாள். நாய் திரும்பி அவள் மணிக்கட்டை வாயில் வாங்கியது.

"கடிக்கறதுன்னா கடிச்சுக்கோ. இதை வெட்டாம விடமாட்டேன்" என்றாள்.

பல் தோலில் பட்டபடியே இருந்தது, அழுந்தவில்லை. அவள் எலாஸ்டிக்கை வெட்டினாள். துணி விழுந்ததும் நாய் கையை விட்டுவிட்டு மேஜைக்கு அடியில் தலையை நுழைத்து நின்றது. அதன் முதுகு நடுங்கிக்கொண்டே இருந்தது. அக்கா ஊசிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

"பிடிச்சுத் தைச்சேன் பாருங்க, அதுதான் இவனைக் கொன்னுடுச்சு. குணமாவது, மண்ணாவது. வலிங்க. வெறும் வலி. இவ்வளவு வலியிலயும் என்னைக் கடிக்கல பாத்தீங்களா?"

புருஷன் வந்தார். நாய் வந்தபிறகு கதவுக்கு இந்தப் பக்கம் அவர் வந்தது அன்றுதான். குனிந்து ஊசிகளைப் பொறுக்கினார், நாயின் காலடியில் கிடந்தவற்றையும் சேர்த்து.

இரண்டு தெரு தள்ளி ஒரு கால்நடை டாக்டரம்மா இருந்தார். பேச்சைக் குறைத்து வேலையைக் கூட்டும் ரகம். அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே நாயை நடக்க விட்டுப் பார்த்தார், இடுப்பையும் காலையும் தடவிப் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்தார். கடைசியில் ஒரு குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி மொட்டை வாலை இங்கே அங்கே தொட்டார். ஓர் இடத்தில் பஞ்சு பட்டதும் நாய் துள்ளி விழுந்து அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்தது.

"வாலை வெட்டும்போது உள்ளே இருக்கற நரம்பையும்தான் வெட்டறாங்க" என்றார் டாக்டரம்மா. "வெட்டுன நரம்பு சில நாய்க்குச் சும்மா இருக்காது. முனையில வளர்ந்து முடிச்சு மாதிரி திரண்டுடும். இவனுக்கு அது தழும்போட ஒட்டியிருக்குன்னு நினைக்கறேன். தொட்டா ஷாக் அடிக்கற மாதிரி இருக்கும். கோபக்கார நாயெல்லாம் இல்லம்மா இது. பொறுத்துப் பொறுத்துப் பாத்திருக்கு."

"அந்த வால் இருந்திருந்தா?"

"இருந்திருந்தா ஆட்டிட்டு இருந்திருக்கும். காதை வெட்டி நிமித்தறது, வாலை நறுக்கறது, குரைக்கக் கூடாதுன்னு தொண்டையில கை வைக்கறது, இப்படி வெட்டறதுல நாய்க்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. எல்லாம் நம்ம கண்ணுக்கும் நம்ம வசதிக்கும்தான்."

திரும்ப ஆபரேஷன் செய்து தழும்பையும் முடிச்சையும் எடுத்துப் பார்க்கலாம், வலி போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார். சத்தியம் செய்து கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அக்கா அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டாள்.

"நீ குறிச்ச நாளை ரத்து பண்ணு."

"அக்கா, கடிக்கற நாயை வெச்சுக்கிட்டு—"

"போன வருஷம் உனக்குப் பல் வலி வந்தப்ப என்ன பண்ணினே? சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி அடிச்சே, மாமாவை மூஞ்சியைப் பார்த்துத் திட்டினே. உன்னை ஊசி போட்டா முடிச்சோம்? இது உன்னைவிட நல்ல பிள்ளைடா. ரெண்டு வருஷமா வாயைத் திறக்காம தாங்கியிருக்கு." பிறகு டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

மறுமுனையில் தம்பியின் குரல் இறங்கியது. "அது என்னைப் பார்த்து ஒருநாள்கூட ஆசையா வந்ததில்லக்கா. என்னைப் பிடிக்கலன்னு நினைச்சேன்."

"எதை ஆட்டிட்டு வரும்? பின்பக்கம் அசைஞ்சாலே உயிர் போகுது அதுக்கு." இதைச் சொன்னபின் அவளுக்கே பாவமாக இருந்தது. "ஆபரேஷன் பண்ணிப் பார்ப்போம்டா. பலிக்கலைன்னா அப்புறம் நீ சொல்றபடி செய்யலாம். நானே கூட வரேன்."

ஆபரேஷன் அன்று அவள் வேலையில் கை வைத்திருக்கவே கூடாது. ஒரு பேன்டுக்கு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். இரண்டு சட்டைகளின் கையை மாற்றிக் குறைத்தாள். புருஷன் டாக்டரம்மா வாசலுக்கும் வீட்டுக்கும் டிரிப் அடித்தபடி இருந்தார். கடைசி டிரிப்பில், "முடிஞ்சுதாம், கண்ணு முழிச்சுட்டானாம்" என்று மூச்சிரைக்கச் சொன்னார்.

தையலைக் கடிக்காமலிருக்கக் கழுத்தில் புனலை மாட்டிக்கொண்டு சூப்பர்வைசர் வீடு வந்தார். போகிற வழியிலெல்லாம் கதவில் இடித்தார். மருந்தை ரொட்டியில் ஒளித்து ஊட்டுகிற வேலையைப் புருஷன் கேட்டு வாங்கிக்கொண்டார். தையல் பிரித்த அன்று அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "சீரா போட்டிருக்கீங்க டாக்டர், நானே இப்படிப் போட்டிருக்க மாட்டேன்" என்றாள். டாக்டரம்மா சிரித்தார். புண் ஆறிவிட்டது, தானாகக் கடித்துக்கொள்வதும் நின்றது. பஞ்சால் தொட்டால் துள்ளவில்லை.

ஆனால் உட்காரவில்லை. சுவரோரமாக அப்படியே நின்றது. பழக்கமாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், பொறுத்துப் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. உள்ளே எங்கேயோ அந்த முடிச்சு மிச்சம் இருக்கிறதோ என்று அக்காவுக்குச் சந்தேகம். நாய் பாதி இறங்கி நின்று யோசித்து மறுபடி எழும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிடுவாள். தம்பி ஊரிலிருந்து திரும்பிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றான். பலிக்கவில்லை என்று தன் வாயால் எப்படிச் சொல்லப் போகிறோம் என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி வந்தான். பாலிஷ் போட்ட ஷூவோடு வாசல்படி தாண்டி நின்றான். தழும்பு விழுந்த கையைத் தன்னையறியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "எப்படி இருக்கு?" என்று அக்காவிடம்தான் கேட்டான்.

அவள் பதில் சொல்வதற்குள் நாய் சுவரை விட்டுக் கிளம்பியது. அவன் பேன்டை முகர்ந்தது. அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு அவனுக்கு முதுகைக் காட்டி நின்றது. யாரும் பின்னால் வந்துவிடக் கூடாது என்று இத்தனை நாளும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நாய். அந்த மொட்டை வால் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. இடுப்போடு சேர்ந்து லேசாக இடமும் வலமும் அசைந்தது. பின்னங்கால்கள் மெதுவாக மடங்கின. பாதியில் நின்றன.

நாய் உட்கார்ந்துவிட்டது. முழுக் கனத்தையும் இறக்கி, அவன் வலது ஷூவின் மேல். அவன் காலில் முதுகைச் சாய்த்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

"உட்கார்ந்துட்டான்டி" என்று புருஷன் ரகசியம்போலச் சொன்னார்.

"அப்பாடா" என்றாள் அக்கா. கையிலிருந்த யாருடைய சட்டையிலோ முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனி அவன் நாள் குறிக்கப்போவதில்லை, இந்த உயிருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது நெஞ்சில் இறங்க இறங்கக் கண்ணீர் நிற்காமல் வந்தது.

தம்பி அசையாமல் நின்றான். ரொம்ப நேரம் அப்படியே நின்றான். வாடிக்கையாளர் ஒருவர் வந்து, விஷயம் புரியாமல் பார்த்து, துணியைக் கொடுத்துவிட்டுப் போனார். நாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

"கால் மரத்துப் போகும்டா, மெல்ல இழுத்துக்கோ" என்றாள் அக்கா.

"அப்பவே மரத்துப் போச்சு" என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இருக்கட்டும்க்கா. அவன் உட்காரட்டும்."