நாற்பதில் நடுங்காத கண்ணாடி

கியர் ஆயிலின் நாற்றம் சட்டையை விட்டு லேசில் போகாது. நஜீரின் ஷெட்டுக்குள் நுழைந்தாலே மூக்கில் ஏறும்... அழுகிய முட்டை மாதிரி. அந்த நாற்றமே எனக்குப் பிடித்துப்போன ஒரு வாரம் உண்டு.

அப்போது நீடாமங்கலத்தில் பந்தல், பாத்திர வாடகைக் கடை ஒன்றில் டிரைவராக இருந்தேன். அண்டாவும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாக அலையும் வேலை. வண்டி ஒரு பழைய டீசல் வேன். மூன்றாவது கியரில் நாற்பதைத் தொட்டால் இடப்பக்கக் கண்ணாடி கிர்ர்ரென்று நடுங்கும். அட்டையை மடித்துச் செருகியும் பார்த்தாயிற்று, அடங்கவில்லை.

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் நேரம் பார்த்து கியர்பாக்ஸ் போய்விட்டது.

முதலாளியிடம் நஜீரின் பெயரைச் சொன்னது நான்தான். பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. சவுதியில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்து அப்போதுதான் ஷெட் போட்டிருந்தான். திருச்சியில் பழைய சாமான் கடையில் ஒரு கியர்பாக்ஸைத் தேடிப் பிடித்தான். அச்சு அசல் அதே பெட்டி. போல்ட் ஓட்டைகள் எல்லாம் பிசகாமல் உட்கார்ந்தன. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

முதல் லோடிலேயே மானம் போயிற்று.

எங்கள் பக்கத்தில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். அதை விட்டால் ஊரே தட்டு மாதிரி. வழக்கமாக மூன்றாவதில் ஏறிவிடும் வெண்ணாற்றுப் பாலத்தில், அண்டாக்களோடு வண்டி பாதியில் முக்கி முக்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த டிராக்டர்காரர் அடித்த ஹாரனில் பாலமே திரும்பிப் பார்த்தது.

முதலாளி நேராக ஷெட்டுக்கு வந்துவிட்டார்.

"கியர்பாக்ஸத்தானே தம்பி மாத்தச் சொன்னேன்? இன்ஜின என்ன பண்ணுன?"

டவுனில் இன்னொரு மெக்கானிக் வேறு, இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த முகூர்த்தத்துக்குள் சரியாகாவிட்டால் வண்டி அங்கே போகும், செலவு நஜீருடையது என்று முடிவாயிற்று.

"செலவு கெடக்கட்டும் மாப்ள," என்றான் நஜீர். "கியர்பாக்ஸ் மாத்தப் போயி இன்ஜினக் கெடுத்தவன்னு பேரு வந்துட்டா, யாரு வண்டிய விடுவா? பேசாம திரும்பப் போயிடலாம்னு பாக்குறேன். ஏஜென்ட்டு போன் பண்ணிக்கிட்டேதான் இருக்கான்."

அவன் மகள் அப்போதுதான் அவனை அத்தா என்று கூப்பிடப் பழகியிருந்தாள்.

ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவனுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்ததே, அதுதான் என்னையும் தொற்றிக்கொண்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டாப் கியரில் கிளட்சை விட்டான். இன்ஜின் பட்டென்று நின்றது. அப்படியானால் கிளட்ச் வழுக்கவில்லை. ஜாக்கி வைத்துச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தோம், பிரேக் எதுவும் இறுகிப் பிடித்திருக்கவில்லை. டீசல் பில்டர், ஏர் பில்டர், ஆக்சிலேட்டர் கேபிள்... எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"இன்ஜின் நல்லாருக்கு மாப்ள. அப்பறம் ஏன் இழுக்கல?"

சோறு தண்ணி இல்லாமல் அதே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். காலி வண்டியை மன்னார்குடி ரோட்டில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என்னமோ குறைகிறதே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. முள் நாற்பதில் நிற்கிறது, மூன்றாவது கியர்... கண்ணாடி நடுங்கவில்லை!

சொன்னதும் நஜீர் வண்டியை நிறுத்தச் சொன்னான். மீட்டர் ஓடுவதே கியர்பாக்ஸில் இருந்துதான், அதை நம்ப முடியாது என்றான். போய்த் தன் பைக்கை எடுத்து வந்தான். பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு, தன் மீட்டரைப் பார்த்துக் கத்தினான்.

"நாப்பது!"

"சத்தமே இல்லடா!"

"நாப்பத்தஞ்சு!"

"இல்ல!"

ஐம்பதை நெருங்கும்போது கிர்ர்ரென்றது பாருங்கள்... நான் சந்தோஷத்தில் ஹாரனை அழுத்திவிட்டேன். நடவில் நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

"அப்ப அதே வேகத்துக்கு இன்ஜின் மெதுவா சுத்துது மாப்ள! உள்ள பல்லு வேற!"

கியர் சைக்கிளில் பெரிய கியரைப் போட்டுக்கொண்டு மேட்டில் மிதித்தால் எப்படி இருக்கும்? அதேதான். காலில் பலம் இருக்கிறது, கியர்தான் கனம். ஷெட் மூலையில் கிடந்த பழைய பெட்டியையும் வண்டியில் இருந்ததையும் சாக்பீஸ் கோடு போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தோம்; சுற்றுக் கணக்கு ஒத்துப்போகவில்லை. புதிதாகப் போட்டது, நெடுஞ்சாலையில் ஓடும் மாடலின் பெட்டி. வெளியே ஒன்று போலவே இருந்து, உள்ளே வேறாக இருந்திருக்கிறது.

மறுநாள் அண்டாக்களை ஏற்றி, முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். அடிவாரத்திலேயே இரண்டாவதுக்கு மாற்றினேன். வண்டி முனகாமல் ஏறி இறங்கியது.

ஷெட்டுக்குத் திரும்பியதும், உள்ளே பல் வேறாக இருப்பதைச் சொல்லி, "வேற பாக்ஸ் தேடி மாத்தித் தர்றேங்க," என்றான் நஜீர்.

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "எதுக்கு? பாலத்த விட்டா நமக்கு மேடு எங்க இருக்கு? சமதரையில டீசலாவது மிச்சமாவும், கெடக்கட்டும்." பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நம்ம லாரிக்கி கிளட்ச் போடணும். நீயே பாத்துடு," என்றார்.

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. இதுதான் அது. நஜீர் ஷெட்டுக்குப் பின்னால் போய் வீட்டுக்குப் போன் போட்டான். "நான் எங்கயும் போவல," என்றது மட்டும் எனக்குக் கேட்டது.

இப்போது நான் தஞ்சாவூரில் இருக்கிறேன், சொந்தக் கார். போன வாரம் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வழியில் எத்தனையோ சர்வீஸ் சென்டர் இருந்தும் நஜீரிடமே போனேன். ஸ்கேனரைச் செருகினான். ஒரு நிமிடத்தில் எந்த சென்சார் என்று திரையில் வந்துவிட்டது. மாற்றினான், விளக்கு அணைந்தது.

"அவ்ளோதானா?" என்றேன்.

"அவ்ளோதான் மாப்ள."

இருவருக்குமே கொஞ்சம் ஏமாற்றம்தான். திரும்பச் சாயங்காலம் ஆகும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். டீ வந்தது. அதையும் குடித்து முடித்தோம். அப்புறம் அங்கே உட்கார்ந்திருக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை.