சைரன் அலற, மெதுவாகப் போன வண்டி

இப்போதெல்லாம் வேலைக்கு ஏறும் முன் செல்போனில் ஒரு கேள்வி வருகிறது. ‘இன்று உங்கள் மனநிலை எப்படி?’ கீழே ஐந்து மஞ்சள் முகங்கள். சிரிக்கிற முகத்தைத் தொட்டால் அத்தோடு விட்டுவிடும். அழுகிற முகத்தைத் தொட்டால் மேலும் பத்துக் கேள்வி. அதனால் ஆம்புலன்ஸில் வேலை செய்கிற நாங்கள் எல்லோரும் தினமும் மகிழ்ச்சியாக இருக்கிறோம்.

போன வாரம் அந்தச் சிரிக்கிற முகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து ஷெட்டில் யாரோ வண்டி கழுவினார்கள். சோப்பு ஆயில் வாசனை வந்தது. உங்களுக்கு அது வெறும் சோப்பு ஆயில். எனக்கு அது அன்னூர் ரோட்டில் ஒரு தோட்டத்து மோட்டார் ரூம், அதன் முன்னால் பேண்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு நிற்கும் துரைசாமி அண்ணன்.

அண்ணன் எங்கள் வண்டியின் டிரைவர். ஈரோட்டில் மஞ்சள் மூட்டை ஏற்றும் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். நான் பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து முதலுதவி செய்கிறவள். ரத்தம், எலும்பு எதற்கும் அசையமாட்டேன். பல்லியைப் பார்த்தால் அலறுவேன். ஒருமுறை மருந்துப் பெட்டிக்குள் பல்லி. நான் போட்ட சத்தத்தில் அண்ணன் நடுரோட்டில் பிரேக் அடித்தார்.

“காலு ஒடஞ்சவனே கம்முனு படுத்திருக்கறான். உனக்கு என்ன கேடு கண்ணு?”

கால் உடைந்தவனும் சிரித்தான்.

மோசமான கேஸ் முடிந்ததும் கட்டுப்பாட்டு அறைக்கு “வண்டி கழுவறோம்ங்க” என்று சொல்லிவிட்டு அந்த மோட்டார் ரூமுக்குப் போவோம். கழுவப் பத்து நிமிடம் போதும். நாங்கள் முக்கால் மணி நேரம் கழுவுவோம். யார் முகம் கண்ணிலேயே நிற்கிறது, யார் கத்தியது காதை விட்டுப் போகவில்லை, எல்லாவற்றையும் தண்ணீர்ச் சத்தத்தில் பேசித் தீர்ப்போம். வீட்டில் பேச முடியாது. சோறு தின்கிறவர்களிடம் எதைச் சொல்வது?

ஒருநாள் மத்தியானம், மொபெட்டில் வந்த புருஷன் பெண்டாட்டியை லாரி அடித்துவிட்டது. புருஷனுக்குச் சிராய்ப்புதான். அந்த அம்மாவின் கழுத்தைத் தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் செத்துவிட்டார் என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். மார்பை அழுத்திக்கொண்டே வந்தேன். அவர் பெண்டாட்டியின் பாதத்தைப் பிடித்தபடி கேட்டார்.

“ஏனுங்க அம்மணி, மூச்சு இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

முன்னால் டிரைவருக்கும் எனக்கும் நடுவே சின்னக் கண்ணாடி ஜன்னல். அது வழியாக அண்ணனும் கேட்டார். “கண்ணு, இருக்குதா?” அந்த மனிதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்குதுங்ணா, போங்க” என்றேன்.

அண்ணன் நம்பினார். எதிர்ப்பக்கத்தில் ஏறி ஓட்டினார். காந்திபுரத்தில் இரண்டு டவுன் பஸ்ஸுக்கு நடுவே நுழைந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “போய் ரொம்ப நேரமாச்சே” என்றார். அண்ணன் அங்கேதான் நின்றிருந்தார்.

மோட்டார் ரூமுக்கு வந்ததும் வாளியில் தண்ணீர் பிடித்தார்.

“பஸ்ஸு பக்கத்துல ஸ்கூட்டர்ல ஒரு கொழந்தை. மயிரிழையில தப்புச்சுது. பாத்தியா?”

“இல்லீங்ணா.”

“நான் பாத்தேன். அந்தம்மாவுக்கு உசுரு எப்பப் போச்சு?”

“ஏத்தும்போதே இல்லீங்ணா.”

“அந்த மனுசனுக்குப் பொய் சொல்லு. ஊருக்கே சொல்லு. எனக்குச் சொல்லாத.” வாளியைத் தூக்கி எறிந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. போன் செய்தால் “வாரேன் கண்ணு” என்பார். வரமாட்டார். சாவியைக் கையில் எடுத்தாலே அந்தக் குழந்தை எதிரே வருகிறது என்று அவர் மனைவி சொன்னார். சூப்பர்வைசரிடம் சொன்னேன். “நல்லாத் தூங்கச் சொல்லும்மா” என்றார். அந்த ஆளை அன்றைக்கே அறைந்திருக்க வேண்டும்.

நானே அண்ணன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது எனக்கு. “தெரிஞ்சே செஞ்சுபோட்டேன். இனிமே உங்ககிட்டப் பொய் சொல்லமாட்டேன்” என்றேன். அவர்தான் வழி சொன்னார். உயிர் இல்லையென்றால் ஜன்னலில் இரண்டு தட்டு. சைரன் அலறும், அவர் கால் ஆக்சிலேட்டரை அழுத்தாது. பின்னால் இருக்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது.

“நான் டாக்டர் இல்லீங்ணா. தப்பாத் தட்டிப்போட்டா?”

“மெதுவா ஓட்டுனது நானு. பாவத்துல பாதி எனக்கு.”

ஆறாம் நாள் வந்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை தட்டியிருக்கிறேன். சட்டப்படி அது தப்பு, எனக்குத் தெரியும். அந்தப் பாதியை அவர் வாங்கிக்கொண்டதால்தான் நான் இன்னும் புத்தி பிசகாமல் இருக்கிறேன்.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது வரும் வண்டிகளில் நடுவே முழுத் தடுப்பு, பேச மைக். பின்னால் இருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும். கழுவுவதற்குத் தனி ஆள். ஆளை இறக்கி ஐந்து நிமிடத்தில் அடுத்த அழைப்பு. ஒரே டிரைவரோடு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓடுவதே அபூர்வம்.

போன மாதம் ஒரு பெரியவரை ஏற்றினோம். கழுத்தைத் தொட்டேன், துடிப்பு இல்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மைக்கில் டிரைவரின் குரல் வந்தது.

“அக்கா, இருக்குதுங்களா?”

அந்த டிரைவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

“இருக்குதுங்க தம்பி” என்றேன். அவர் வண்டியை விரட்டினார்.